பின் சஸ்பென்ஷனை மாற்றினால் மோட்டார்ஹோமின் மைலேஜ் கூடுமா?

மே 3, கேள்வி

என் மோட்டார்ஹோமின் (தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வேன்) பின்பக்கம் எப்போதும் உட்கார்ந்தபடியே ஓடுகிறது. சின்னப் பள்ளத்துக்கும் தூக்கிப்போடுகிறது. இரும்புப் பட்டை ஸ்பிரிங்குக்குத் துணையாக இரண்டு பக்கமும் ஏர் பெல்லோ, அதாவது காற்றடைத்த ரப்பர் பை, போட்டால் ஓட்டம் மெத்தென்று ஆகிவிடும், மைலேஜும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் ஏறும் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். போட்டவர்கள் யாராவது கணக்கு வைத்திருக்கிறீர்களா?

மே 3, இரவு

வைத்திருக்கிறேன். ஏப்ரல் நடுவில் போட்டேன். முன்சக்கர இழுவை, பின்னால் ஒரே கட்டை அச்சு, பட்டை சஸ்பென்ஷன். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 3,500 கிலோவை ஒட்டி நிற்கும் வண்டி. போடுவதற்கு முன் லிட்டருக்கு 8.1 கி.மீ. கிடைத்தது. போட்டபின் போன முதல் நீண்ட பயணத்தில் 8.8. ஓட்டமோ வேறு வண்டி மாதிரி இருக்கிறது. பின்பக்கம் தூக்கி நிற்பதால் எடை முன் சக்கரத்துக்குத் திரும்பி வந்து ஸ்டியரிங்கும் நன்றாகப் பிடிக்கிறது. யோசிக்காமல் போடுங்கள்.

மே 5

மேலே எழுதிய மைலேஜ் கணக்கு இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். 8.1 என்பது ஜனவரி, பிப்ரவரி ஓட்டம். வெளியே 5 டிகிரிதான் இருந்தது. 8.8 வந்த பயணத்தில் 25 டிகிரி. பெல்லோ போட்ட அன்றே டயர்களுக்கும் காற்றுப் பிடித்தார்கள். பின் டயர் இரண்டிலும் காற்றழுத்தம் 0.7 பார் குறைவாக இருந்ததாம். அதோடு அந்தப் பயணத்தில் தண்ணீர்த் தொட்டி காலி. 80 லிட்டர் தொட்டி, அதாவது 80 கிலோ இறங்கியிருக்கிறது.

ஒரே நாளில் இத்தனையையும் மாற்றிவிட்டு பெல்லோவுக்குப் பெயர் கொடுத்தது தப்பு. கணக்குப் போட்டேன். மோட்டார்ஹோமின் முகப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். காற்று எதிர்ப்புக் கெழு 0.45 என்று வைத்துக்கொண்டால் 90 கி.மீ. வேகத்தில் காற்று மட்டும் சுமார் 1,000 நியூட்டன் விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது. டயர் உருள்வதில் போவது 350 நியூட்டன்தான். நான்கில் மூன்று பங்கு டீசல் காற்றைப் பிளக்கவே செலவாகிறது. 5 டிகிரி காற்றைவிட 25 டிகிரி காற்று 7 சதவீதம் மெலிந்தது. அதிலேயே மொத்தத்தில் 5 சதவீதம் மிச்சம். டயர் காற்றில் ஒன்றரை முதல் 2 சதவீதம், தண்ணீர் இறங்கியதில் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் 7, 8 சதவீதம் வருகிறது. எனக்குக் கூடியது மொத்தமே எட்டரை. மீதி, பம்பில் எந்த இடத்தில் நிறுத்தி நிரப்பினார்கள் என்பதற்குள் அடங்கிவிடும்.

ஆகவே 8.8-ஐ நம்பிப் போடாதீர்கள். சரியாகச் சோதித்துவிட்டு வருகிறேன்.

மே 9

இன்னொன்றும் தப்பாக எழுதியிருக்கிறேன். எடைமேடையில் முதலில் முன் சக்கரங்களை மட்டும், அப்புறம் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். பெல்லோவில் குறைந்தபட்சக் காற்று இருக்கும்போது முன் அச்சில் 1,540 கிலோ, பின் அச்சில் 1,960. காற்றை 3 பாருக்கு ஏற்றி பின்பக்கம் 5 செ.மீ. உயர்ந்த பிறகும் அதே 1,540, அதே 1,960. மேடை 20 கிலோப் படியில்தான் காட்டும், அதனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நான்கு மீட்டர் சக்கர இடைவெளியில் 5 செ.மீ. தூக்கினால் வண்டி சாய்வது ஒரு டிகிரிகூட இல்லை. எடை மையம் முன்னால் நகர்வது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதற்கு முன் அச்சில் கூடுவது 10 கிலோ. அவ்வளவுதான்.

எடையை முன்னால் கொண்டுவந்தது வேறு. பின்னால் மாட்டியிருந்த சைக்கிள் தாங்கியையும் இரண்டு சைக்கிளையும் கழற்றிவிட்டு மறுபடி மேடை ஏற்றினேன். மொத்தம் 70 கிலோ, பின் அச்சுக்கு 2.4 மீட்டர் பின்னால் தொங்கியது. அந்த 70 கிலோ பின் அச்சில் 112 கிலோவாக அழுத்துகிறது, முன் அச்சிலிருந்து 42 கிலோவைத் தூக்கிவிடுகிறது. கப்பி மாதிரி இல்லை, சீசா மாதிரி. கழற்றியதும் மேடை முன்னால் 1,580, பின்னால் 1,840 என்று காட்டியது. முன்சக்கர இழுவை வண்டியில் ஈரப் புல்லில் சக்கரம் சுழல்வதற்கும் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் லேசாக அலைவதற்கும் இதுதான் காரணம். எந்த பெல்லோவும் இதை மாற்றாது.

மே 9, பிறகு

அப்படியானால் ஸ்டியரிங் நன்றாகப் பிடித்தது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். பட்டை முழுக்க அமுங்கிய நிலையில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, அச்சின் ஒரு முனை முன்னும் மறுமுனை பின்னும் நகரும் அளவு மாறிவிடும். பின்னாலிருந்து யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதுபோல இருக்கும். பட்டை பழைய வளைவுக்குத் திரும்பியதும் அந்தத் தொல்லை குறைகிறது. நான் அதைத்தான் எடை திரும்பியதாக எண்ணிக்கொண்டேன்.

மே 17

ஓட்டம் ஏன் மெத்தென்று ஆனது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு எளிய வேலை செய்தேன். அச்சுக்கு மேலே சேஸிஸில் ரப்பர் பம்ப் ஸ்டாப் (அச்சு மேலே வந்து சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் கட்டை) இருக்கிறது அல்லவா, அதன் நேர் கீழே அச்சின்மேல் ஒரு களிமண் உருண்டையை ஒட்டிவிட்டு பத்து கிலோமீட்டர் ஓட்டினேன். பெல்லோவில் குறைந்தபட்சக் காற்றோடு போனபோது திரும்பி வந்து பார்த்தால் உருண்டையே இல்லை. காகிதம்போல நசுங்கி, அதன் மேலே ரப்பரின் கோடுகள் அச்சு அச்சாகப் பதிந்திருந்தன. முழுப் பாரத்தில் நின்றபடியே அளந்தால் ரப்பருக்கும் அச்சுக்கும் இடையில் 12 மி.மீ.தான் இருந்தது. காலி வண்டியில் 70.

அதாவது எல்லாப் பள்ளத்திலும் பட்டை வேலை செய்யவே இல்லை. வண்டி ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் இத்தனை நாள் 'பட்டை விறைப்பாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த ரப்பரின் அடியைத்தான்.

3 பாரில் இடைவெளி 62 மி.மீ. ஆனது. அதே சாலையில் உருண்டையின் தலை மட்டும் லேசாகத் தட்டையாகியிருந்தது. பட்டையோடு பெல்லோ சேரும்போது ஸ்பிரிங் கூடுதல் விறைப்புதான். இருந்தாலும் பட்டையும் ரப்பரும் சேர்ந்த விறைப்பைவிட அது எவ்வளவோ குறைவு. ஸ்பிரிங்கை விறைப்பாக்கினோம், ஓட்டம் மிருதுவானது. முதலில் கேட்டவருக்கு ஒரே வேண்டுகோள்: எதை வாங்கும் முன்னும் முழுப் பாரத்தோடு இந்த இடைவெளியை அளந்து பாருங்கள். 50, 60 மி.மீ. இருந்தும் தூக்கிப்போடுகிறது என்றால் உங்கள் வண்டிக்கு பெல்லோ மருந்தே இல்லை.

மே 18

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். எல்லா வண்டியிலும் அந்த ரப்பர் வெறும் தடுப்பு இல்லை. சில வேன்களில் அதையே துணை ஸ்பிரிங்காகத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நீளமாக, அடுக்கடுக்காகக் கூம்பு மாதிரி இருக்கும். பாரம் ஏறியதும் அது தொட்டுக்கொண்டிருப்பது இயல்பு. தொடுகிறதா என்பதைவிட, அதற்கப்புறம் அமுங்க எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். பெல்லோ மாட்டும்போது பெரும்பாலும் அந்த ரப்பரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில்தான் மாட்டுவார்கள். என் வண்டியில் பெல்லோ சற்றுத் தள்ளி இருப்பதால் ரப்பர் அப்படியே நிற்கிறது.

மே 30

காற்று எவ்வளவு வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். வண்டி மட்டமாக நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். நான் ஒருமுறை 5 பார் வைத்துப் பார்த்தேன், அலமாரிக் கதவு இரண்டு திறந்துகொண்டது. வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது, ஹெட்லைட் தரையைப் பார்த்தது.

ஒரு கணக்கு பயன்படும். பாரத்தில் ஸ்பிரிங் எத்தனை செ.மீ. அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்று கிடைத்துவிடும். 10 செ.மீ. அமுங்கினால் 1.6. 5 செ.மீ. என்றால் 2.2. கார்களை ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் வைப்பார்கள். உட்கார்ந்திருக்கும் உடம்பு மிகவும் சிரமப்படுவது 4 முதல் 8 வரை. ரப்பரில் இடிக்கும் வண்டி அந்தப் பக்கம்தான் நகர்கிறது. முதுகு வலிப்பதற்குக் காரணம் அதுதான்.

காற்று ஸ்பிரிங்கின் அழகு, பாரம் கூடும்போது அழுத்தத்தையும் கூட்டலாம், விறைப்பும் கூடவே ஏறும். அதனால் இந்த ஏறி இறங்கும் எண்ணிக்கை பெரிதாக மாறாது. கூடுதல் பட்டை போட்டால் அந்த வசதி இல்லை. பாரம் இல்லாத நாளிலும் அதே விறைப்போடுதான் ஓட்ட வேண்டும். ஆனால் வருஷம் முழுக்க ஒரே பாரத்தோடு ஓடுகிற வண்டிக்குக் கூடுதல் பட்டை நல்லது. கசியாது, கவனிக்கவே வேண்டாம். மோட்டார்ஹோம் பெரும்பாலும் அந்த வகைதானே என்று இப்போது தோன்றுகிறது. நான் பெல்லோ போட்டது சைக்கிள் இருக்கும் நாளும் இல்லாத நாளும் மாறி மாறி வருவதால்.

காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டாதீர்கள். பெல்லோ மடிப்பில் கிள்ளிக் கிழிந்துவிடும். அரை பாராவது எப்போதும் இருக்கட்டும்.

ஜூன் 14

சோதனை முடிந்தது. ஒரே சாலை, 60 கி.மீ. போய் 60 திரும்பி. ஜிபிஎஸ் வேகம் 90. ஒரே பம்பு, ஒரே பக்கம் நிறுத்தி நிரப்பியது. நான்கு சுற்று 3 பாரில், நான்கு சுற்று குறைந்தபட்சக் காற்றில், ஒன்று விட்டு ஒன்று.

3 பார்: 8.6, 8.9, 8.5, 8.8.
குறைந்தபட்சம்: 8.7, 8.5, 8.8, 8.7.

சராசரி 8.70, 8.68. ஒரே அமைப்பில் இரண்டு நாளுக்கு நடுவே வரும் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரியது. எதிர்க்காற்று 10 கி.மீ. வேகத்தில் வீசினாலே 17 சதவீதம் கூடச் செலவாகும் என்கிறபோது வேறு எப்படி இருக்கும்?

மைலேஜுக்காக யாரும் இதைப் போட வேண்டாம்.

ஜூன் 15

ஷாக் அப்சார்பர் சூடாவதும் டீசல்தானே என்று கேட்டது சரியான கேள்வி. ஆமாம், அதன் சூடு முழுக்க எஞ்சினிலிருந்து வருவதுதான். நல்ல சாலையில் அது மிகக் குறைவு. 90-இல் ஓட எனக்கு 34 கிலோவாட் வேண்டும். நான்கு ஷாக்கும் சேர்ந்து 100 வாட் தின்றாலும் 0.3 சதவீதம்தான். என் நோட்டில் அது தெரியவே தெரியாது.

ஜூலை 2

இப்போது ஒரு குறை. நீளமான மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் பின்பக்கம் மூன்று முறை எழும்பி எழும்பி அடங்குகிறது. என் மனைவி பக்கத்து இருக்கையில் படித்துக்கொண்டு வருவாள். போன வாரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு 'முன்னாடி இடிச்சுது, இப்போ ஆடுது' என்றாள். அவள் சொன்னது அப்படியே உண்மை.

ஸ்பிரிங்கை விறைப்பாக்கினேன், ஆட்டத்தை அடக்க வேண்டிய ஷாக்கைப் பழசாகவே விட்டுவிட்டேன். 90,000 கி.மீ. ஓடிய ஷாக். முன்பு ரப்பரில் இடித்து நின்றதால் அதன் பலவீனம் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

ஜூலை 11

பின்னால் இரண்டு ஷாக்கும் புதிது. ஒரே எழும்பல், அடங்கிவிடுகிறது. அவள் மறுபடி படிக்கிறாள்.

செலவுக்கு வரம்பு வைத்திருப்பவர் இந்த வரிசையில் போகலாம் என்பது என் எண்ணம்: முதலில் எடைமேடை, அப்புறம் டயர் காற்று, அப்புறம் ஷாக். பெல்லோ நான்காவது. டயர் காற்றுக்கு டயர் கம்பெனியின் எடை அட்டவணையைப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தை அப்படியே வைத்துவிட்டு வண்டி தூக்கிப்போடுகிறது என்கிறவர்கள் நிறைய.

ஜூலை 26

இதை எல்லோரும் படிக்க வேண்டும்.

முன் பிரேக் பேட் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்திருந்தது. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். பின் அச்சிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி, அதன் முனையில் ஒரு சின்ன ஸ்பிரிங், அது போய் பிரேக் வால்வின் கையைத் தொடுகிறது. வண்டி தாழ்ந்தால் 'பாரம் இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். உயர்ந்தால் காலி என்று நினைத்துக் குறைத்துவிடும். என்னுடையது பழைய வண்டி, அதனால் இந்த வால்வு இருக்கிறது. நான் பின்பக்கத்தை 5 செ.மீ. தூக்கியதிலிருந்து முழுப் பாரத்தோடு போகும்போதெல்லாம் பின் பிரேக் காலி வண்டிக்கான அளவில்தான் பிடித்திருக்கிறது. மூன்று மாதம். குடும்பத்தை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

பெல்லோ மாட்டிய பட்டறை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டித் தயாரிப்பாளரின் அளவுப்படி இப்போது சரிசெய்தாயிற்று. புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வேலையை ஏபிஎஸ் கணினியே பார்த்துக்கொள்ளும், கம்பி இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். ஹெட்லைட் மட்டத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம். பின்சக்கர இழுவை வண்டியாக இருந்தால், எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும். புதிதாக அதிர்வு வந்தால் அங்கே தேடுங்கள்.

ஜூலை 27

பெல்லோ போட்டபின் கூடுதல் பாரம் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். இல்லை, பெல்லோ போட்டாலும் 3,500 கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது. அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையதுதான். வண்டியின் எடைத் தகட்டில் எழுதியிருக்கும் எடைதான் எடை. பின்பக்கம் தாழாததால் அதிகப் பாரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அந்த வகையில் பெல்லோ ஆபத்துகூட.

ஆகஸ்ட் 20

இரண்டு பெல்லோவையும் ஒரே குழாயில் இணைத்து ஒரே வால்வு வைக்கலாமா என்றால், வேண்டாம். திருப்பத்தில் வெளிப்பக்கம் அமுங்கும்போது அதன் காற்று உள்பக்கத்துக்கு ஓடிப்போய் அதைத் தூக்கும். வண்டி இன்னும் சாயும். தனித்தனியாக வையுங்கள். கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் ஒரே பக்கம் இருக்கிற வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு அழுத்தம் வைக்கவும் முடியும்.

பின் ஆன்டி ரோல் பார் (வண்டி சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) ஒரு மாதம் போட்டு ஓட்டினேன். லாரி தாண்டிப்போகும்போது, பக்கக் காற்றில், வளைவில் சாய்வு நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் இரண்டு பக்கத்தையும் அந்தக் கம்பி கட்டிப்போட்டிருப்பதால் மொத்த வண்டியும் பக்கவாட்டில் உதறுகிறது. உயரமான வண்டியில் தலை போய் ஜன்னலில் இடிக்கிறது. நல்ல சாலையில் ஓடுபவருக்கு அது வரம். எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.

செப்டம்பர் 8

ஜூன் 14-இல் மைலேஜ் மாறாது என்று அடித்துச் சொன்னேன். அது 90-இல் சீராக ஓடியபோது. மோசமான சாலையில் கணக்கு வேறு.

மூன்று டன்னுக்கு மேல் உள்ள வண்டியை ஒரு பள்ளத்துக்காக 80-இலிருந்து 50-க்கு பிரேக் போட்டு, மறுபடி 80-க்கு ஏற்ற சுமார் 45 மி.லி. டீசல் வேண்டும். நூறு கிலோமீட்டரில் இருபது முறை அப்படிச் செய்தால் 900 மி.லி. நூறு கிலோமீட்டருக்கு பதினொன்றரை லிட்டர் குடிக்கிற வண்டியில் அது 8 சதவீதம். முன்பு ரப்பரில் இடிக்குமே என்று பயந்து ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடத்துக்கும் பிரேக் மிதித்தேன். இப்போது பாதிக்கு மேல் மிதிப்பதில்லை. போன வாரம் அந்த மாதிரிச் சாலையிலேயே முழு நாளும் ஓட்டியதில் 8.4. போன வருஷம் அதே சாலையில் அதே மாதத்தில் 7.9. ஒரே ஒரு தடவைதான், சோதனை என்று சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 9

அதற்கு நேர் எதிரானதும் நோட்டில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் என் வேகம் எனக்கே தெரியாமல் 90-இலிருந்து 95-க்கு ஏறிவிட்டது. ஆட்டம் இல்லை, அலமாரி சத்தம் இல்லை, கால் தானாக அழுத்துகிறது. ஆகஸ்ட் பயணத்தில் 8.1. அந்த 5 கி.மீ. வேகத்துக்கு 8 சதவீதம் கூடச் செலவாகும். ஆக, சஸ்பென்ஷன் டீசலைத் தொடுவது என் வலது கால் வழியாகத்தான். பள்ளச் சாலையில் லாபம், நல்ல சாலையில் நஷ்டம். க்ரூஸ் கன்ட்ரோலை 88-இல் பூட்டி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 4

பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கினீர்களா என்று ஒருவர் கேட்டதால் போய்ப் பார்த்தேன். மாட்டிய முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் முறுக்க வேண்டியது, நான் விட்டுவிட்டேன். இடது பக்கம் இரண்டு நட்டு கால் சுற்றுக்கு மேல் போனது. அச்சு நகர்ந்திருக்குமோ என்று இரண்டு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்தேன், 3 மி.மீ. வித்தியாசம். என் டேப்பின் பிழையாகவும் இருக்கலாம். அச்சு கோணலாக நின்றால் வண்டி நண்டு மாதிரி ஓடி டயரையும் டீசலையும் தின்றுவிடும் என்பதால் செவ்வாய்க்கிழமை அலைன்மென்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். பின் அச்சையும் சேர்த்து நான்கு சக்கரமும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 8

பின் அச்சு நேராக இருக்கிறது. டேப்தான்.